டயரை வாங்கிவிட்டு வெட்டுங்கள்

போன மாதம் ஒரு வாசகர் அனுப்பிய பழைய அமெரிக்கக் காரின் பின்பக்கப் படத்தை இந்தப் பகுதியில் போட்டோம். அன்றிலிருந்து அதே விஷயமாகவே கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. அதனால் மைலேஜ், ஏசி, கிளட்ச் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, டிராக் ரேஸுக்காக, அதாவது கால் மைல் நேர்கோட்டு ஓட்டப் பந்தயத்துக்காக, அகல டயர் போடப் பின்சட்டத்தை (காரைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் பின்பகுதியை) மாற்றும் வேலையைப் பற்றி மட்டும் இந்த முறை பேசலாம். அமெரிக்காவில் ஒரு சேஸிஸ் பட்டறையில் ஒன்பது வருடம் இதே வேலையாகக் கிடந்தவன் நான். கைப்பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டல்லஸ் வாசகர்: என்னிடம் 1969 செவர்லே கமாரோ இருக்கிறது. பழைய இன்ஜினை எடுத்துவிட்டுப் பெரிய இன்ஜினாக மாற்றிவிட்டேன். பச்சை விளக்கு எரிந்ததும் மிதித்தால் டயர்தான் சுற்றுகிறது, கார் நகர மறுக்கிறது. 325/50 ஆர் 15 (அகலம் 325 மில்லிமீட்டர், ரிம் 15 அங்குலம்) டிராக் ரேடியல், அதாவது நேர்கோட்டுப் பந்தயத்துக்கான டயர், போட ஆசை. பின்சட்டம் முழுவதையும் வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டுவிடு என்கிறார்கள் நண்பர்கள். வெட்டத்தான் வேண்டுமா?

முழுவதையும் வெட்ட வேண்டியதில்லை. நீங்கள் கேட்கிற டயருக்கு அது தேவையே இல்லை.

உங்கள் கமாரோவில் முன்பக்கம் தனிச் சட்டம், பின்பக்கம் பாடியோடு ஒட்டிய சட்டம். பின் ஆக்சில் பட்டை ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சக்கரக் கூட்டுக்குள் 245 டயர் சுலபமாகப் போகும், ரிம்மைச் சரியாகத் தேர்ந்தெடுத்து மட்கார்டு விளிம்பை உள்பக்கமாக மடித்துவிட்டால் இன்னும் கொஞ்சம் அகலம் கிடைக்கும், அதற்கு மேல் போனால் வெளியே விளிம்பு இடிக்கும், உள்ளே ஸ்பிரிங் இடிக்கும். 325 போட மூன்று வேலைகள் ஆக வேண்டும். சக்கரக் கூட்டின் உள்பாதியை காரின் நடுப்பக்கமாக, சட்டம் வரைக்கும் நகர்த்த வேண்டும், இதைத்தான் மினி டப் என்கிறார்கள். ஸ்பிரிங்கை உள்ளே தள்ளி சட்டத்துக்கு நேர் கீழே கொண்டுவர வேண்டும். ஆக்சிலைக் குட்டையாக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் அரை அங்குலம் போதவில்லையென்றால், சட்டத்தின் பக்கவாட்டில் டயர் வரும் இடத்தில் மட்டும் பிறைபோல வெட்டி, அதே கனத் தகட்டால் பெட்டியாக மூடிப் பற்றவைத்துக் கொள்ளலாம். சட்டத்தின் எலும்பு அப்படியே இருக்கும், கார் கமாரோவாகவே இருக்கும்.

உங்கள் நண்பர்கள் சொல்வது பேக் ஹாஃப். பின்சீட்டுக்கு முன்னாலேயே இரண்டு பக்கச் சட்டத்தையும் அறுத்து எடுத்துவிட்டு, இரண்டுக்கு மூன்று அங்குலச் செவ்வகக் குழாயில் புதுச் சட்டம் கட்டி, இன்னும் உள்ளே தள்ளி, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும் காயில் ஓவர் ஷாக் போட்டு, தரையையும் டிக்கியையும் புதிதாகத் தகட்டில் செய்வது. 14 அங்குல அகலம், 32 அங்குல உயரம் உள்ள ஸ்லிக், அதாவது கோடே இல்லாத வழவழப்பான பந்தய டயர், போடுகிறவருக்கு அது வேண்டும். உங்களுக்கு வேண்டாம். இதில் விதியும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் டிராக் ரேஸை நடத்தும் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப்படி கால் மைலை 10.99 நொடியிலோ அதைவிட வேகமாகவோ ஓடும் காருக்கு ரோல் கேஜ், அதாவது கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு, கட்டாயம். ஆனால் தரையும் ஃபயர்வாலும் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பு) அதற்குப் பின்னால் உள்ள பாடியும் கம்பெனியில் வந்தபடியே இருந்து, சக்கரக் கூடு மட்டும் மாறியிருந்தால் 10.00 நொடி வரைக்கும் அதைவிட எளிய குழாய் வளைவான ரோல் பாரோடு ஓடலாம். அதாவது மினி டப் செய்த காருக்கு விதியே ஒரு சலுகை தருகிறது. பேக் ஹாஃப் செய்த அன்றைக்கே அந்தச் சலுகை போய்விடும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? கிரைண்டரை எடுக்கும் முன் டயரை வாங்குங்கள். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி எவரும் சட்டத்தை வெட்டக்கூடாது. 325 என்றால் 325 மில்லிமீட்டர், 12.8 அங்குலம். ஆனால் 10 அங்குல ரிம்மில் ஏற்றினால் ஒரு அகலம், 12 அங்குல ரிம்மில் ஏற்றினால் வேறு அகலம், கம்பெனிக்குக் கம்பெனியும் மாறும். நீங்கள் போடப்போகும் அதே ரிம்மில் ஏற்றி, ஓட்டும்போது வைக்கப்போகும் அதே காற்றை அடித்து, வயிறு புடைத்திருக்கும் இடத்தில் அளவெடுங்கள். அந்த எண்தான் உண்மை.

கணக்கு எப்படிப் போகும் என்று ஒரு உதாரணம். இரண்டு மட்கார்டு விளிம்புகளுக்கும் இடையே உள்பக்க அளவு 66 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஒரு அங்குலம் இடைவெளி விட்டால் டயரின் வெளிமுகம் காரின் நடுக்கோட்டிலிருந்து 32 அங்குலத்தில் நிற்கும். டயர் அகலம் 13 என்றால் உள்முகம் 19ல் வரும். ரிம் 10 அங்குலம் என்று சொன்னாலும் உதட்டோடு சேர்த்து அளந்தால் 11 இருக்கும், ஆகவே டயர் இரண்டு பக்கமும் ரிம்மை விட ஒரு அங்குலம் வெளியே தள்ளியிருக்கும், ரிம்மின் உள் உதடு 20ல் நிற்கும். பேக்ஸ்பேஸ், அதாவது உள் உதட்டிலிருந்து போல்ட் ஆகும் முகம் வரை உள்ள தூரம், 5 அங்குலம் என்றால் ரிம் போல்ட் ஆகும் முகம் 25ல். இரண்டு பக்கமும் சேர்த்து 50. அதிலிருந்து இரண்டு பிரேக் டிரம்மின் தகட்டுக் கனத்தையும் கழித்தால் ஆக்சில் முனைக்கு முனை என்ன நீளம் என்று கிடைத்துவிடும். சட்டத்தின் வெளிமுகம் 18க்குள் இருந்தால் டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு அங்குலம் மிஞ்சும். இந்த எண்கள் உங்கள் காருக்கு இல்லை, வழிக்கு மட்டும்தான். உங்கள் காரில் இடதும் வலதும் ஒன்றாக இருக்கும் என்றும் எண்ணாதீர்கள். அந்தக் காலத்துப் பாடிகளில் கால் அங்குலம் முன்னே பின்னே இருப்பது சகஜம்.

நான் ஒருமுறை இந்த இடத்தில் தவறினேன். செவர்லேயின் நோவா ஒன்று. கார் லிஃப்டில் தொங்கிக்கொண்டிருந்தபோதே அளவெடுத்தேன். ஆக்சில் கீழே தொங்கியிருந்தது, டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் கைவிரல்கள் நான்கும் போகிற இடம் இருந்தது. கூட்டைப் பற்றவைத்து முடித்து, காரை இறக்கி, உரிமையாளர் இரண்டு பேரோடு ஏறி உட்கார்ந்ததும் மட்கார்டு விளிம்பு டயரின் தோளில் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வந்து அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு நாள் வேலையைப் பிரித்து மறுபடி செய்தேன். அதிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஆக்சிலை ஸ்டாண்டில் வைத்து, கார் ஓடும்போது நிற்கிற உயரத்தில் அளந்து, அப்புறம் ஜாக்கியால் ஆக்சிலை முழுக்க மேலே தூக்கி, டயர் எங்கே உரசும் என்று பார்த்த பிறகுதான் கோடு போடுவேன்.

கோடு போடுவதற்குத் தூக்குக்குண்டு போதும். நம் கொத்தனார் வைத்திருப்பதேதான். கார் நான்கு மூலையிலும் ரசமட்டத்தில் நிற்கட்டும். முன்சட்டத்தில் இருக்கும் கம்பெனித் துளைகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு தரையில் புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிக்கும் நடு, அங்கிருந்து பின்னால் வரைக்கும் நூல் பிடித்து சாக்பீஸில் ஒரு கோடு. அந்தக் கோடுதான் இனி காரின் நடு. பம்பரையோ பாடியையோ வைத்து நடு பார்க்காதீர்கள்.

வெட்டும்போது கதவிடுக்கைக் குறுக்குக் குழாயால் தாங்கல் கொடுத்துவிட்டு வெட்டுங்கள், இல்லையென்றால் கதவு அப்புறம் சாத்தாது. பழைய கூட்டைப் பிரிக்க ஸ்பாட் வெல்டைத் துளையிடும் தனிப் பிட் இருக்கிறது. அதை வைத்து ஒவ்வொரு புள்ளியாக எடுத்தால் மேல் தகடு நீலம் பாய்ந்த சிறு வளையமாகக் கழன்று வரும், அடித்தகடு ஓட்டையாகாமல் பிழைக்கும். பற்றவைக்கும்போது ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் அந்தக் கோடியில், ஆறவிட்டு மறுபடி. மட்கார்டு தகடு சூட்டில் நெளிந்துவிட்டால் டிங்கர் வேலை செய்து மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இந்தக் காரில் டிக்கி மூடியின் கீல் கையும் புதுக் கூட்டில் இடிக்கும், அதைக் கொஞ்சம் செதுக்க வேண்டியிருக்கும். முடிந்ததும் எல்லா இணைப்பிலும் சீலர் பூசுங்கள். பூசாமல் விட்டால் இரண்டே மழையில் துரு உள்ளே போய்விடும்.

ஆக்சிலைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் காரில் கம்பெனி ஆக்சிலே இருந்தால், சக்கரத்தைப் பிடித்திருப்பது டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் சி வடிவக் கிளிப் ஒன்றுதான். ஷாஃப்ட் உடைந்தால் சக்கரம் ஷாஃப்ட்டோடு வெளியே நடந்து வந்துவிடும். எப்படியும் குட்டையாக்கப் போகிறீர்கள், அதற்குப் பதில் ஃபோர்டு 9 இன்ச் ஆக்சிலை அளவு சொல்லிச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். 1957ல் வந்த வடிவம், இன்றைக்கும் டிராக் காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். அதில் சக்கரத்தை வெளிமுனையிலேயே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு.

கடைசியாக ஒன்று. உங்கள் காரின் இன்ஜினும் கியர்பாக்ஸும் பிறந்தபோது வந்தவையாக இருந்து, எண்களும் பொருந்தினால், தயவுசெய்து அந்தக் காரில் கை வைக்காதீர்கள். நீங்கள் இன்ஜினை மாற்றிவிட்டேன் என்று எழுதியிருப்பதால்தான் இவ்வளவும் சொன்னேன்.

கோவை, பொறியியல் மாணவர்: உராய்வு விசை தொடுபரப்பைப் பொறுத்தது அல்ல என்றுதான் பள்ளியிலிருந்து படித்து வருகிறோம். அப்படியானால் டயர் எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன?

நல்ல கேள்வி தம்பி. நீ படித்தது மரக்கட்டைக்கும் இரும்புக்கும் சரி. ரப்பருக்கு அப்படியே பொருந்தாது. ரப்பர் மீது அழுத்தம் கூடக் கூட அதன் உராய்வுக் கெழு குறைகிறது. அதே பாரத்தை அதிகப் பரப்பில் பரப்பினால் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் அழுத்தம் குறையும், பிடிப்பு கூடும். அப்புறம் சூடு. மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் சூடேறித் தேயும். பரப்பு அகலமாக இருந்தால் இன்னும் மென்மையான ரப்பரைத் துணிந்து போடலாம்.

ஆனால் அகலம் மட்டும்தான் விஷயம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அது தப்பு. ஸ்லிக்கில் 12, 14 பவுண்டு காற்றுதான் வைப்பார்கள். கார் கிளம்பும் அந்தக் கணத்தில் ஒரு நாள் ஸ்லிக்கின் பக்கச்சுவரைக் கிட்டே நின்று பார்த்தேன். ரிம் சுற்றத் தொடங்கிவிட்டது, ரப்பர் இன்னும் தரையை விடவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட பக்கச்சுவர் ஈரத் துணியைப் பிழிந்தது போல மடிப்பு மடிப்பாகச் சுருண்டது. அந்தச் சுருளல் ஒரு ஸ்பிரிங். இன்ஜினின் முதல் குத்தை அது வாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்குக் கொடுக்கும். அதனால்தான் 15 அங்குல ரிம்மும் உயரமான பக்கச்சுவரும் கேட்கிறார்கள். 20 அங்குல ரிம்மில் அகலமான டயர் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பக்கச்சுவரே இல்லாததால் கிளம்பும்போது உதவாது.

உயரத்துக்கும் பங்கு உண்டு. 325/50 ஆர் 15 டயரின் மொத்த உயரம் 27.8 அங்குலம், 295/65 ஆர் 15 கிட்டத்தட்ட 30.1. இரண்டாவது அகலம் குறைவு, ஆனால் தரையில் படும் தடம் நீளம். எத்தனையோ காரில் சட்டத்தைத் தொடாமல் இந்த உயரமான, கொஞ்சம் ஒல்லியான டயரைப் போட்டே பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

பாரம் பின்னால் சாய்வதையும் கணக்கில் எடு. 1500 கிலோ கார், புவியீர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில், கமாரோவின் சக்கர இடைவெளி 108 அங்குலம் என்றால் 2.74 மீட்டர். ஒரு ஜி முடுக்கத்தில் கிளம்பினால் 270 கிலோ சொச்சம் முன்னாலிருந்து பின்னுக்கு மாறும். சஸ்பென்ஷனைச் சரியாக வைத்து அந்தப் பாரத்தை டயர் மேல் உட்கார வைக்காதவர் எவ்வளவு அகல டயர் போட்டாலும் புகைதான் வரும்.

டொராண்டோ வாசகர்: இந்தப் பழக்கம் எங்கிருந்து, எப்போது தொடங்கியது?

தெற்குக் கலிஃபோர்னியாவின் காய்ந்த ஏரிப் படுகைகளிலும் பழைய விமான ஓடுதளங்களிலும் இளைஞர்கள் ஓட்டியதுதான் ஆரம்பம். 1951ல் வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ.வைத் தொடங்கி அதற்கு ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார். 1,320 அடி, அதாவது கால் மைல், அளவுகோலாக நிலைத்தது.

பின் ஆக்சிலோடு விளையாடுவதில் கார் கம்பெனிகளே இறங்கியது 60களில். 1965ல் கிரைஸ்லர் சில டாட்ஜ், பிளிமத் கார்களில் பின் ஆக்சிலை 15 அங்குலமும் முன் ஆக்சிலை 10 அங்குலமும் முன்னே நகர்த்திக் கொடுத்தது. பாரம் பின் டயரில் விழ வேண்டும் என்பதற்காக. பார்க்க விசித்திரமாக இருந்த அந்த வகைக் கார்களிலிருந்துதான் ஃபனி கார் என்ற பெயரே வந்தது. 1968ல் வந்த டாட்ஜ் ஹெமி டார்ட்டில் ஸ்லிக் போகட்டும் என்று பின் மட்கார்டு வாயையே பெரிதாக வெட்டித்தான் விற்றார்கள். கடைக்குப் போய் வாங்குகிற காரில் சக்கரக் கூடு வெட்டியிருக்கிறது! எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த கார் அது.

1970ல் என்.எச்.ஆர்.ஏ. பந்தயத்தில் புரோ ஸ்டாக் என்ற பிரிவு தொடங்கியதும் பின்சட்டத்தை உள்ளே தள்ளுவது ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. 80களில் அதைப் பார்த்து சாலையில் ஓட்டும் கார்களிலும் அதேபோல டிக்கி முழுக்க டயரை அடைத்தார்கள், அதற்கு புரோ ஸ்ட்ரீட் என்று பெயர். அதில் பல கார்கள் கண்காட்சிக்கு மட்டும் ஆனவை. டயர் மட்டும் 18 அங்குல அகலம் இருக்கும், ஒரு தடவைகூடப் பந்தயம் கிளம்பும் கோட்டில் நின்றிருக்காது. அந்த மோகத்தில் நல்ல நல்ல பாடிகள் அறுபட்டது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

மிச்சிகன் வாசகர்: ஏற்கெனவே பேக் ஹாஃப் செய்த 1970 நோவா ஒன்றை வாங்கினேன். லேடர் பார் (ஆக்சிலைச் சட்டத்தோடு பிடிக்கும் ஏணி போன்ற கம்பி), ஸ்பூல் (இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுவது), ஸ்லிக் எல்லாம் இருக்கிறது. கிளம்பியதும் வலது பக்கமாகச் சுவரை நோக்கி ஓடுகிறது. யாரைக் கேட்டாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள் என்கிறார்கள்.

ஸ்டியரிங்கால் சமாளிக்காதீர்கள். காரணம் தெரியும் வரை அந்தக் காரை முழு வேகத்தில் ஓட்டவும் வேண்டாம்.

முதலில் ஒரு இரும்பு டேப்பை எடுத்து இரண்டு ஸ்லிக்கின் சுற்றளவையும் தனித்தனியாக அளந்து பாருங்கள், ஒரே காற்று வைத்துக்கொண்டு. ஒரே எண் அச்சிட்ட இரண்டு ஸ்லிக் ஒரே சுற்றளவில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உங்களிடம் ஸ்பூல் இருப்பதால் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், இடது டயர் பெரிதாக இருந்தால் காரை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போகும். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் ஆக்சில் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். முன் சக்கரத்தை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரைக்கும் இரண்டு பக்கமும் அளவு, அப்புறம் மூலைக்கு மூலை குறுக்களவு. பேக் ஹாஃப் செய்தவர் சட்டத்தைப் பாடியைப் பார்த்துப் பொருத்தியிருந்தால் இங்கே தெரிந்துவிடும். கால் அங்குல வித்தியாசம் இருந்தாலே லேடர் பாரின் முனைகளை வைத்துச் சரி செய்தாக வேண்டும்.

மூன்றாவது, பாரம். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றும் விசை ஆக்சிலைத் திருகி இடது பின் டயரை அழுத்தும், வலது பின் டயரைத் தூக்கப் பார்க்கும். இடது டயருக்குப் பிடிப்பு கூடினால் கார் வலப்பக்கம்தான் ஓடும். அதைச் சமன் செய்ய வலது பின் டயருக்கு முன்கூட்டியே கொஞ்சம் பாரம் கொடுத்து வைப்பார்கள். சோதிக்க ஒரு சுலப வழி உண்டு. நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள், இன்னொருவர் ஆக்சிலின் சரி நடுவில் ஜாக்கி வைத்து மெல்லத் தூக்கட்டும். இடது டயர் முதலில் தரையை விட வேண்டும், வலது டயர் கொஞ்சம் தாமதித்து. மாறி நடந்தால் உங்கள் பிரச்சினை அங்கேதான். லேடர் பாரை ஒரு தடவையில் அரைச் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், திருப்பினால் எழுதி வையுங்கள்.

இதையெல்லாம் தொடுவதற்கு முன்னால் ஒரு நல்ல விளக்கோடு காருக்கு அடியில் படுத்து, பிராக்கெட் பற்றவைத்த இடம் ஒவ்வொன்றையும் துடைத்துப் பாருங்கள். பெயின்டில் தலைமுடி போன்ற துருக்கோடு தெரிந்தால் அது பெயின்ட் வெடிப்பு இல்லை, வெல்டு விட்டுக்கொண்டிருக்கிறது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைச் சுற்றி இரும்பு வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். முன் ஜாயின்ட்டிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்திக் காரையே தூக்கி எறியும், அதைத் தடுப்பது அந்த வளையம்தான்.

நியூஜெர்சி வாசகர்: என் காரில் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். சாலையிலும் ஓட்டுவேன், மாதம் ஒரு முறை பந்தயத்துக்கும் போவேன். ஆக்சிலைப் பிடிக்க லேடர் பாரா, நான்கு கம்பி வைக்கும் ஃபோர் லிங்க்கா?

இரண்டும் வேண்டாம். உங்கள் காரில் பட்டை ஸ்பிரிங்தானே இருக்கிறது, அதையே உள்ளே தள்ளி, நல்ல பட்டையும் ஷாக்கும் ஆக்சில் முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்கும் ஒரு டிராக்‌ஷன் பாரும் போட்டால் 10 நொடிக் காரையும் தாங்கும். லேடர் பார் வளைவில் விறைத்துக்கொள்ளும், பள்ளத்தில் முதுகை உடைக்கும். பந்தய ஃபோர் லிங்க் நல்லதுதான், ஆனால் அதன் துளைகளை மாற்றி மாற்றிப் பழக ஒரு முழு சீசன் வேண்டும்.

சென்னை வாசகர்: என் அப்பாவின் கான்டெஸா இருக்கிறது. அதில் பின்பக்கம் வெட்டி அகல டயர் போட்டு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டலாமா?

அப்பாவின் கார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் முதல் பதில்.

சட்டமும் அதையே சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். பின்சட்டத்தை அறுத்த காரை சாலையில் ஓட்ட இங்கே வழியில்லை. பந்தயத்துக்கு மட்டும் என்றால் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்புத்தகத்தை முன்கூட்டியே வாங்கிப் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. கான்டெஸாவின் 1.8 லிட்டர் இன்ஜினுக்கு அகல ஸ்லிக் ஒரு சுமை. டயரைச் சுழற்றவே சக்தி இல்லாத இன்ஜினுக்குப் பிடிப்பைக் கூட்டிக் கொடுத்தால், கிளம்பும்போது இன்ஜின் மூச்சு முட்டி நிற்கும், நேரம் கூடத்தான் செய்யும். கம்பெனி அளவிலேயே நல்ல மென்மையான ரப்பர் டயர் இரண்டு, புது புஷ், புது ஷாக், அப்பாவின் கான்டெஸாவுக்கு இது போதும். 

அட்லாண்டா வாசகி: என் கணவர் மஸ்டாங்கில் மினி டப் செய்து முடித்துவிட்டார். பின்சீட்டில் பையனை உட்கார வைக்கலாமா? டிராக் ரேடியலோடு மழையில் ஓட்டலாமா?

சீட் உட்காருவதைப் பார்க்காதீர்கள், பெல்ட் மாட்டும் இடத்தைப் பாருங்கள் சகோதரி. கூட்டை நகர்த்தும்போது பல பேர் பின்சீட்டின் பெல்ட் போல்ட் இருந்த இடத்தையும் சேர்த்து வெட்டிவிட்டு, புதுத் தகட்டில் ஒரு துளை போட்டு மாட்டிவிடுகிறார்கள். வெறும் தகட்டில் நிற்கிற போல்ட் மோதலில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அடியில் கனமான இரும்புத் தகடு பற்றவைத்து அதில் மரையோடு போல்ட் இருந்தால் மட்டும் பையனை உட்கார வையுங்கள். உங்கள் கணவரிடம் பின்சீட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

மழை விஷயம் இன்னும் கண்டிப்பானது. டிராக் ரேடியலில் தண்ணீர் வெளியேறப் பேருக்குச் சில கோடுகள்தான் இருக்கும். டயர் அகலமாக ஆக ஆக அதற்கு அடியில் தண்ணீர் சிக்கிக்கொள்ளும், 80 கிலோமீட்டர் வேகத்திலேயே டயர் தரையை விட்டுத் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கிவிடலாம், அதுவும் பின் டயர் மிதந்தால் வாகனம் பின்பக்கமாகச் சுழலும், முன் டயரைத் திருப்பிப் பயனில்லை. சாதாரண டயர் இரண்டை இன்னொரு ஜோடி ரிம்மில் ஏற்றி வீட்டில் வைத்திருங்கள். மினி டப் செய்த கூட்டுக்குள் அவை தாராளமாகப் போகும். வானம் இருட்டியிருக்கும் நாளில் அதைத்தான் மாட்ட வேண்டும், வழியில் மழை பிடித்துக்கொண்டால் வேகத்தைக் குறைத்து ஏதாவது பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கி மழை விடும் வரை நில்லுங்கள்.